காற்றைக் கூட்டுகிறோம், பெட்ரோலை யார் கேட்பது?

யாராவது டர்போ காருக்கு ரீமேப் (என்ஜின் கம்ப்யூட்டரின் கணக்கை மாற்றி எழுதுவது) போட்டுக்கொண்டு வந்தால் எங்கள் பக்கத்தில் முதலில் விழும் கேள்வி, "பூஸ்ட் எவ்ளோ ஏத்தியிருக்காங்க?" என்பதுதான். பூஸ்ட் என்றால் டர்போ கூடுதலாகத் தள்ளும் காற்றின் அழுத்தம். அடுத்தது, "எத்தனை குதிரை வருது?" ஓசூர் கம்பெனிகளில் வேலை பார்க்கிற பையன்களும் சரி, வாரக் கடைசியில் பெங்களூர் போய்வருகிறவர்களும் சரி, தர்மபுரி நாலு ரோட்டு டீக்கடையில் நின்று கார் பேசுகிறவர்களும் சரி, பேச்சு இந்த இரண்டு எண்ணைச் சுற்றியே ஓடும். ஏற்றிய காற்றுக்குத் தக்க பெட்ரோல் போய்ச் சேருகிறதா, முழு லோடில் ரெயில் பிரஷர் (என்ஜினுக்குப் பெட்ரோல் கொடுக்கும் குழாயின் அழுத்தம்) நிற்கிறதா என்று ஒருவர் கேட்டு நான் பார்த்ததில்லை. ரீமேப் செய்து தருகிற இடங்களிலும் பெரும்பாலும் கேட்பதில்லை. இது எனக்குக் கொஞ்ச காலமாகவே உறுத்திக்கொண்டிருக்கிறது. டர்போ என்ஜினில் காற்றைக் கூட்டுவது சுலபமான பாதி. பெட்ரோலைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில்தான் என்ஜின் பிழைப்பதும் சாவதும் இருக்கிறது. அந்தப் பாதியைப் பற்றி இவ்வளவு குறைவாகப் பேசுகிறோமே என்ற ஆதங்கத்தில் எழுதுகிறேன்.

என்னுடையது 1.4 லிட்டர் டர்போ பெட்ரோல் செடான், பழைய வண்டி. கம்பெனி கொடுத்தது 114 குதிரை. ரீமேப்பில் பூஸ்ட் 0.7 பாரிலிருந்து 1 பாருக்கு ஏறியது, 150 குதிரை என்று சொல்லிக் கொடுத்தார்கள். வண்டி பறந்தது உண்மைதான். ஆனால் புகையைப் பார்த்துக் காற்று பெட்ரோல் விகிதத்தைக் காட்டும் வைட்பேண்ட் மீட்டர் ஒன்றைப் பொருத்தி வைத்திருந்ததால் எனக்கு ஒரு விஷயம் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூர் கணவாய் ஏற்றத்தில், லாரிகளைத் தாண்ட இரண்டாவது கியரில் முழுசாக மிதித்தால், 12-க்குப் பக்கத்தில் நிற்க வேண்டிய காற்று பெட்ரோல் விகிதம் 4,500 ஆர்.பி.எம்முக்கு மேல் மெதுவாக ஏறும். 12.4, 12.9, 13.3. எண் ஏறினால் பெட்ரோல் குறைகிறது என்று அர்த்தம். டேங்க் நிறைந்திருந்தால் கொஞ்சம் தாமதமாக ஏறும், கால் டேங்குக்குக் கீழே இருந்தால் சீக்கிரமே ஏறும். சமதளத்தில் இப்படி வராது, ஏனென்றால் சமதளத்தில் அவ்வளவு நேரம் முழு லோடு நீடிப்பதில்லை. ஏற்றம் மட்டும்தான் என்ஜினைப் பிடித்து நிறுத்தி, இருக்கிறதையெல்லாம் கொடு என்று கேட்கும்.

13.3 என்பது பூஸ்ட் இல்லாத நேரத்தில் ஒரு பிரச்சினையும் இல்லாத எண். சாதாரண ஓட்டத்தில் இசியு (என்ஜின் கம்ப்யூட்டர்) 14.7-ஐச் சுற்றித்தான் வண்டியை ஓட்டுகிறது. எத்தனால் கலக்காத பெட்ரோல் முழுதாக எரிய ஒரு கிலோவுக்கு 14.7 கிலோ காற்று வேண்டும் என்பது அந்தக் கணக்கு. ஆனால் 1 பார் பூஸ்ட் அடிக்கும்போது சிலிண்டருக்குள் வெப்பமும் அழுத்தமும் வேறு. அப்போது வேண்டுமென்றே பெட்ரோலைக் கூடுதலாகக் கொடுப்பார்கள். அந்தக் கூடுதல் எரிவதற்காகக் கொடுப்பதில்லை. அது ஆவியாகும்போது சூட்டை இழுத்துக்கொள்ளும், எரிதலை அடக்கி வைக்கும். அது குறைந்தால் தீப்பொறி பற்றவைத்த நெருப்பு வந்து சேருவதற்குள், மூலையில் மிச்சமிருக்கும் கலவை தானாக வெடிக்கும். நாம் நாக்கிங் என்கிறோமே, அது. சித்திரை வெயிலில், டர்போ காற்றைக் குளிர வைக்க வேண்டிய இன்டர்கூலரே சூடான காற்றைத் தரும் எங்கள் ஊரில் இதற்கான வாய்ப்பு இன்னும் அதிகம்.

இதன் முடிவை நேரில் பார்த்திருக்கிறேன். தர்மபுரியில் ஒரு என்ஜின் போரிங் பட்டறையில், தெரிந்த பையன் ஒருவனுடைய காரின் பிஸ்டனை மேசையில் வைத்திருந்தார்கள். ரீமேப் செய்த வண்டி. பிஸ்டன் தலை நடுவில் சுத்தமாக, வெளிர் சாம்பல் நிறத்தில் இருந்தது. எக்ஸாஸ்ட் வால்வு பக்கத்து ஓரத்தில் மட்டும் கட்டை விரல் அகலத்துக்கு அலுமினியம் இல்லை. உருகி வழிந்து, மேல் ரிங்கோடு ஒட்டி, ரிங் பள்ளமே மூடியிருந்தது. விரலால் தடவினால் சில இடம் வழவழப்பாகவும் சில இடம் உப்புத்தாள் போலவும் இருந்தது. பட்டறைக்காரர் மீதி மூன்று பிஸ்டனையும் பக்கத்தில் வைத்தார். அந்த மூன்றும் நல்ல நிலையில் இருந்தன. பெட்ரோலைப் பீய்ச்சும் நாலு இன்ஜெக்டரில் ஒன்று மட்டும் குறைவாகக் கொடுத்திருக்கிறது. வைட்பேண்ட் சென்சார் நாலு சிலிண்டர் புகையையும் சேர்த்துத்தான் பார்க்கும். மூன்று சிலிண்டர் ரிச்சாகவும் (பெட்ரோல் அதிகம்) ஒன்று லீனாகவும் (பெட்ரோல் குறைவு) இருந்தால் மீட்டரில் சராசரி அழகாகத் தெரியும். அந்தப் பையனின் அப்பா பக்கத்தில் நின்று ஒரு வார்த்தை பேசாமல் பிஸ்டனையே பார்த்துக்கொண்டிருந்தார். காருக்கு இன்னும் கடன் தவணை போய்க்கொண்டிருந்தது.

ஒரு நிமிடத்துக்கு 900 மில்லி

சரி, எவ்வளவு பெட்ரோல்தான் வேண்டும்? இதைக் காகிதத்தில் போட்டுப் பார்க்கப் பத்து நிமிடம் போதும், பெரிய படிப்பும் வேண்டாம். டர்போ பெட்ரோல் என்ஜின் முழு லோடில் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் 270 கிராம் குடிக்கும் என்று பாதுகாப்பான கணக்கு வைத்துக்கொள்ளலாம். 150 குதிரைக்கு மணிக்கு 40 கிலோ சொச்சம். லிட்டரில் 54. அதாவது நிமிடத்துக்கு 900 மில்லி. நாலு இன்ஜெக்டருக்குப் பிரித்தால் ஆளுக்கு 225 மில்லி. 5,500 ஆர்.பி.எம்மில் ஒவ்வொரு இன்ஜெக்டரும் நிமிடத்துக்கு 2,750 தடவை திறந்து மூடுகிறது. ஒரு சுற்றுக்குக் கிடைக்கும் மொத்த நேரம் 22 மில்லி செகண்டுக்கும் கொஞ்சம் குறைவு. அதில் 85 சதவீதத்துக்கு மேல் திறந்தே கிடக்க விடக் கூடாது. விட்டால் சரியாக மூட நேரமில்லாமல் அளவு தாறுமாறாகப் போகும்.

என் வண்டியின் இன்ஜெக்டர் 3.5 பார் வித்தியாசத்தில் நிமிடத்துக்கு 310 மில்லி கொடுக்கக் கூடியது. அப்படியானால் 225 தாராளமாக வருமே என்று தோன்றும். இங்கேதான் டர்போ வண்டிக்கே உரிய ஒரு சங்கதி இருக்கிறது. ரெயிலில் 3.5 பார் இருக்கிறது, இன்ஜெக்டரின் மறுமுனையில், காற்று உள்ளே வரும் மானிஃபோல்டில், 1 பார் பூஸ்ட் எதிர்த்துத் தள்ளிக்கொண்டிருக்கிறது. பெட்ரோலை உள்ளே தள்ளும் வித்தியாசம் 2.5 பார்தான். ஓட்டம் அழுத்த வித்தியாசத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்துக் குறையும், ஆகவே 310 என்பது 262 ஆகிவிடும். 262-ல் 225 எடுக்க இன்ஜெக்டர் 86 சதவீத நேரம் திறந்திருக்க வேண்டும். விளிம்பு. பழைய வண்டிகளில் மானிஃபோல்டிலிருந்து ஒரு சின்ன ஓஸ் வந்து, ரெயில் பிரஷரைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரைத் தொடும், பூஸ்ட் ஏறினால் ரெயில் பிரஷரும் அதே அளவு ஏறும், வித்தியாசம் மாறாது. என்னுடையது மாதிரி ரெகுலேட்டர் டேங்குக்குள்ளேயே இருந்து, திரும்பும் குழாய் இல்லாத அமைப்பில் அந்த வசதி கிடையாது. இசியு மனக்கணக்குப் போட்டு இன்ஜெக்டரைக் கூடுதல் நேரம் திறக்கும். அந்தக் கணக்கு ரெயிலில் 3.5 பார் உண்மையிலேயே நிற்கிறது என்ற நம்பிக்கையில் நடக்கிறது. நிற்கவில்லை என்றால் அதற்குத் தெரியாது, ஏனென்றால் இந்த மாதிரிப் பல வண்டிகளில் ரெயிலில் பிரஷர் சென்சாரே இல்லை.

ரீமேப் செய்த இடத்தில் என் லாகை (மீட்டர் எண்களின் பதிவை) அனுப்பிக் கேட்டேன். பதில் உடனே வந்தது: பெரிய இன்ஜெக்டர், பெரிய ஃபியூயல் பம்ப், மறுபடி ஒரு மேப். மூன்றும் சேர்த்து ஒரு பெரிய தொகை. எதை அளந்து அந்த முடிவுக்கு வந்தார்கள் என்று கேட்டதற்கு, "இந்த மாடலுக்கு எல்லாருக்கும் இதுதான் சார் போடுறோம்" என்றார்கள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். விற்பதற்கு ஒரு பெட்டி இருக்கிறது, அந்தப் பெட்டிக்குள் எல்லா வண்டியும் போகும் என்று நம்புகிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை.

பம்ப் நாசில் கடை

கிருஷ்ணகிரியில் லாரிகளுக்குப் பம்ப் நாசில் வேலை செய்யும் ஒரு கடை. தேசிய நெடுஞ்சாலைகள் நாலு பக்கமும் பிரியும் ஊர், லாரிக்குப் பஞ்சமில்லை, ஆகவே இந்த மாதிரிக் கடைகளுக்கும் பஞ்சமில்லை. டீசல் பம்பைக் கழற்றி, பெஞ்சில் பூட்டி, மோட்டாரில் சுற்றவிட்டு, ஒவ்வொரு லைனும் எவ்வளவு கொடுக்கிறது என்று கண்ணாடிக் குழாய்களில் பிடித்துப் பார்க்கிற வேலை. ஒரு குழாயில் ஒரு கோடு குறைந்தாலும் அந்தக் கடைக்கார அண்ணன் மறுபடி கழற்றுவார். பெட்ரோல் கார் வேலை அவர் செய்வதில்லை. எண்ணெய் எவ்வளவு போகிறது என்பதையே தொழிலாக வைத்திருக்கும் ஆள் எங்கள் பக்கத்தில் அவரைப் போன்றவர்கள்தான் என்பதால் அவரிடம் போனேன்.

நான் லாகைக் காட்டி, பூஸ்ட், குதிரைத்திறன் என்று ஆரம்பித்தேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"தம்பி, அதெல்லாம் அப்புறம். லோடுல பிரஷர் எவ்ளோ நிக்குது?"

"அத அவங்க பாக்கலண்ணா."

"பாக்காம எப்படி இன்ஜெக்டர் மாத்தச் சொல்றாங்க? சின்னதா இருக்கறது இன்ஜெக்டரா, பம்பா, நடுவுல ஒயரான்னு எப்படித் தெரியும்?"

அவரே ஒரு டி ஜாயின்ட் தேடி எடுத்தார். ரெயிலுக்கு வரும் லைனில் அதைப் போட்டு, பெட்ரோலுக்கு உகந்த ஓஸ் ஒன்றைப் பானட் ஓரமாக வெளியே எடுத்து, முன் கண்ணாடியில் வைப்பருக்குக் கீழே பிரஷர் கேஜைக் கட்டினார். உள்ளே கொண்டுவரக் கூடாது, ஓஸ் விட்டால் மடியில் பெட்ரோல் என்றார். ஒவ்வொரு க்ளிப்பையும் இழுத்துப் பார்த்து, வண்டியை ஓடவிட்டு, கசிவு இருக்கிறதா என்று காகிதத்தால் ஒற்றிப் பார்த்த பிறகே ஏறி உட்கார்ந்தார். ஓசூர் ரோட்டில் மேலுமலை ஏற்றத்துக்குப் போனோம். காலை நேரம், ரோடு காலியான ஓர் இடைவெளிக்காகக் காத்திருந்து, இரண்டாவது கியரில் மிதித்தேன். நான் ரோட்டைப் பார்த்தேன், அவர் கேஜைப் பார்த்தார், சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தார். "மூணரை. மூணரை. மூணு நாலு. மூணு ரெண்டு." 5,000-ஐத் தாண்டும்போது, "ரெண்டு ஒம்போது, விடு விடு, கால எடு" என்றார். ஆக்ஸிலரேட்டரை விட்டதும் முள் துள்ளி 3.5-க்குப் போய் நின்றது. வைட்பேண்ட் லாகில் அந்த நொடியில் 13.8 இருந்தது.

இந்த இரண்டு எண்ணும் ஒன்றுக்கொன்று எப்படிப் பொருந்துகிறது என்று அன்றைக்குச் சாயங்காலம் போட்டுப் பார்த்தபோதுதான் விஷயத்தின் கனம் எனக்கு முழுசாக உறைத்தது. ரெயில் 3.5-லிருந்து 2.9-க்கு இறங்குவது பார்க்கச் சின்ன இறக்கம். பூஸ்ட் இல்லாத வண்டியில் அதனால் பெட்ரோல் சுமார் 9 சதவீதம் குறையும். 1 பார் பூஸ்ட் இருக்கும்போது வித்தியாசம் 2.5-லிருந்து 1.9-க்கு இறங்குகிறது, குறைவது 13 சதவீதம். 12 என்று இசியு கேட்டது சிலிண்டருக்கு 13.8 ஆகப் போய்ச் சேருகிறது. பூஸ்டை எவ்வளவு ஏற்றுகிறோமோ, அதே பிரஷர் குறைவு அவ்வளவு பெரிய அடியாக விழும். பம்பின் சின்னக் குறை ஒன்று, பத்து வருடமாக யாருக்கும் தெரியாமல் கிடந்தது, ரீமேப் போட்ட அன்றைக்கே ஆபத்தாக மாறிவிட்டது. இதற்கும் இன்ஜெக்டருக்கும் சம்பந்தமில்லை. இந்த நிலையில் பெரிய இன்ஜெக்டரைப் போட்டிருந்தால், அது இன்னும் அதிகமாகத் திறந்து, களைத்த பம்பிடம் இல்லாத பெட்ரோலைக் கேட்டுக்கொண்டிருக்கும்.

மறுபடி கடைக்கு வந்ததும் அவர் பம்பைக் கழற்றவில்லை. பின் சீட்டைத் தூக்கச் சொன்னார். "வயல்ல மோட்டார் ஓடுது, சத்தமும் வருது, கடைசிச் செடிக்கு மட்டும் தண்ணி போகல. என்ன பாப்ப?" என்று கேட்டார். பென்னாகரம் பக்கம் எங்கள் நிலத்தில் சொட்டு நீர் போட்டிருக்கிறது, பதில் சொல்ல யோசிக்க வேண்டியிருக்கவில்லை. முதலில் வோல்டேஜ், அப்புறம் ஃபில்டர், கடைசியாகத்தான் மோட்டார். "அதே வரிசைதான் இதுக்கும்," என்றார்.

என்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.9 வோல்ட். பம்ப் கனெக்டரின் பின்பக்கமாக மல்டிமீட்டர் முனையை நுழைத்து, பம்ப் ஓடும்போதே பார்த்தால் 11.6. கனெக்டரைப் பிரித்து, லோடு இல்லாமல் வெறுமனே பார்த்தால் முழு வோல்டேஜும் காட்டும், அப்படிப் பார்த்து ஏமாந்து போகிறவர்கள் நிறைய. 2.3 வோல்ட் எங்கே போனது? பம்ப் ஏறத்தாழ 6 ஆம்பியர் இழுக்கிறது, அப்படியானால் 14 வாட் வழியில் சூடாகப் போய்க்கொண்டிருக்கிறது. கனெக்டரின் ஒரு பின் பழுப்பேறி, சுற்றியிருந்த பிளாஸ்டிக் லேசாக இளகி இருந்தது. சீட்டுக்கடியில் பாடியோடு முடுக்கியிருந்த எர்த் போல்ட்டைச் சுற்றிப் பச்சையும் துருவும். ரிலே முனைகளும் கருத்திருந்தன. ஃபியூயல் பம்ப் ஒரு டிசி மோட்டார், வோல்டேஜ் குறைந்தால் வேகம் குறையும், அதிலும் எதிர்த்து நிற்கும் பிரஷர் அதிகமாக இருக்கும்போது கொடுக்கும் அளவு மளமளவென்று விழும்.

அதற்குப் பிறகு அளந்து பார்த்தோம். பெட்ரோலைத் திறந்து வைத்துச் செய்கிற வேலை என்பதால் கடைக்குள் செய்யவில்லை. பின்னால் வெட்டவெளியில், தீயணைப்பான் பக்கத்தில், பேட்டரியைப் பத்தடி தள்ளி வைத்து, க்ளிப் மாட்டுவதும் கழற்றுவதும் அந்த முனையில் மட்டும். பம்ப் வெளியேற்றும் லைனில் கேஜும் ஒரு வால்வும் வைத்து, 3.5 பார் காட்டும் வரை வால்வைத் திருகி, அளவுக் கேனில் பிடித்தோம். காரின் பழைய ஒயர் வழியாக 11.6 வோல்ட் கிடைத்தபோது நிமிடத்துக்குச் சுமார் 800 மில்லி. வேண்டியது 900. அதே பழைய பம்பு, நேரடி ஒயரில் 13.5 வோல்ட் கொடுத்தபோது 1,150. ஸ்ட்ரெய்னர் என்று பம்பின் அடியில் இருக்கும் வலைப் பையைக் கழற்றினால், வெள்ளையாக இருக்க வேண்டியது காபித்தூள் நிறத்தில், விரலில் ஒட்டும் சேறோடு இருந்தது. புது ஸ்ட்ரெய்னர் போட்டதும் 1,250-க்குப் பக்கத்தில் வந்தது. கால் டேங்கில் சீக்கிரம் லீன் ஆனதற்கும் இதுதான் காரணம்: ஏற்றத்தில் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கும், அடைத்த வலை மிச்சமிருப்பதையும் சீக்கிரம் உறிஞ்ச விடாது. டேங்குக்குள் இருக்கும் பம்பைக் குளிர வைப்பதும் சுற்றியிருக்கும் பெட்ரோல்தான். வெயில் காலத்தில் ரிசர்விலேயே ஓட்டுகிற பழக்கம் பம்பின் ஆயுளைத் தின்றுவிடும்.

வேலை இவ்வளவுதான்: பேட்டரியிலிருந்து ஃபியூஸ் போட்டுத் தடிமனான ஒயர், புது ரிலே, பழைய பம்ப் ஒயர் இனி அந்த ரிலேயைத் தூண்டுவதற்கு மட்டும், எர்த்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து புது இடத்தில் முடுக்கியது, கனெக்டர், ஸ்ட்ரெய்னர், ஃபில்டர். விபத்து நடந்தால் பம்ப் நின்றுவிட வேண்டும் என்ற ஏற்பாடு அப்படியே இருக்கும்படி, இசியு சொன்னால் மட்டும் ரிலே இழுக்கிறதா என்று இரண்டு தடவை சரிபார்த்தார். ரீமேப் போட்ட ட்யூனர் சொன்ன தொகையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. இன்ஜெக்டர்களைக் கழற்றிச் சேலத்தில் பெட்ரோல் இன்ஜெக்டர் பெஞ்ச் வைத்திருக்கும் இடத்தில் ஓடவிட்டுப் பார்த்தேன். நாலு குழாயில் ஒன்று மற்றதைவிடக் கண்ணுக்குத் தெரியும்படி தாழ்ந்திருந்தது, அல்ட்ராசோனிக்கில் போட்டு எடுத்ததும் சமமானது. எனக்கு அந்தப் பிஸ்டன் ஞாபகம் வந்தது. மறுபடி மேலுமலை ஏறினோம். முள் 3.5-ஐ விட்டு அசையவில்லை. வைட்பேண்ட் 12.1.

எத்தனால் வந்த பிறகு

இத்தோடு முடிந்தது என்று இருக்க முடியாதபடி இன்னொன்று வந்து சேர்ந்தது. 2023 பிப்ரவரியில் பெங்களூரில் இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலைத் தொடங்கி வைத்தார்கள். 2025-க்குள் எங்கள் ஊர் பங்க்குகள் உட்பட எங்கும் அதுதான். எத்தனால் எரிய ஒரு கிலோவுக்கு 9 கிலோ காற்றே போதும். திருப்பிச் சொன்னால், அதே காற்றுக்கு எத்தனால் அதிகமாக வேண்டும். 20 சதவீதம் கலந்த பெட்ரோலில் அந்த 14.7 என்பது 13.5-க்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது, கலப்பில்லாத பெட்ரோலைவிடக் கொள்ளளவில் 7 முதல் 8 சதவீதம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். மெதுவாக ஓட்டும்போது ஆக்ஸிஜன் சென்சாரைப் பார்த்து இசியு தானாகத் திருத்திக்கொள்ளும், மைலேஜ் குறைகிறது என்று மட்டும் நமக்குத் தெரியும். முழு ஆக்ஸிலரேட்டரில் பல பழைய வண்டிகள் சென்சார் பேச்சைக் கேட்காமல் எழுதி வைத்த அட்டவணைப்படி போகும். அந்த அட்டவணை எத்தனால் இல்லாத காலத்தில் எழுதியது.

என் கணக்கில் இது இப்படி விழுகிறது. இன்ஜெக்டருக்கு 225 மில்லி போதும் என்றது இப்போது 242 ஆகிறது. 1 பார் பூஸ்டில் அதனால் கொடுக்க முடிந்தது 262. 92 சதவீதம். பிரஷர் முழுசாக நின்றாலும் விளிம்பைத் தாண்டிவிட்டது. அப்போது அந்த ட்யூனர் சொன்ன பெரிய இன்ஜெக்டர் இப்போது நியாயமாகிறது. காரணம் மட்டும் வேறு, அதுவும் பம்ப் சரியான பிறகு. எத்தனாலுக்கு நல்ல பக்கமும் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆவியாகும்போது பெட்ரோலைவிட இரண்டு மடங்குக்கு மேல் சூட்டை இழுக்கும், ஆக்டேன் எண்ணும் கூடும். டர்போவுக்கு இரண்டுமே பிடிக்கும். ஆனால் இந்த நன்மை போதுமான அளவு உள்ளே போனால்தான் கிடைக்கும். ஆக்டேன் அதிகமான பெட்ரோல் போட்டால் லீன் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று சொல்கிறவர்களிடமும் இதையே சொல்வேன். ஆக்டேன் நாக்கிங்கைத் தள்ளிப்போடும், குறைகிற மில்லியை அதனால் கொண்டுவர முடியாது.

புதிதாக வரும் டர்போ கார்கள் பலவற்றில் இன்ஜெக்டர் நேராகச் சிலிண்டருக்குள்ளேயே அடிக்கிறது. அதில் ரெயில் பிரஷர் 200 பார், சிலவற்றில் 350 பார் வரை போகிறது, 1 பார் பூஸ்ட் அங்கே பொருட்டே இல்லை. ஆனாலும் வேறு விதமாகக் கை கட்டிவிடும். என்னுடையது மாதிரி வெளியே அடிப்பதற்குச் சுற்று முழுவதும் நேரம் இருக்கிறது. உள்ளே அடிப்பதற்கு இன்டேக், கம்ப்ரஷன் நேரம் மட்டும்தான். ஆகவே இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். அந்தப் பெரிய பிரஷரை உண்டாக்கும் பம்புக்குப் பெட்ரோல் ஊட்டுவது டேங்குக்குள் இருக்கும் இதே சின்னப் பம்புதான், இதே கனெக்டர், இதே எர்த்தோடு. அந்த வண்டிகளில் ரெயில் சென்சார் இருப்பது பெரிய வசதி. கேட்ட பிரஷரையும் வந்த பிரஷரையும் லாகில் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கலாம். பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

நான் இப்போது பூஸ்டை 0.85 பாருக்கு இறக்கச் சொல்லி வாங்கிவிட்டேன். 140 குதிரைக்குப் பக்கத்தில் இருக்கும். 400 மில்லி இன்ஜெக்டர் வாங்குவதென்றால் அதன் ஃப்ளோ அளவு மட்டுமல்லாமல், எந்த வோல்டேஜில் திறக்க எவ்வளவு தாமதமாகும் என்ற அட்டவணையும் சேர்த்துத் தருகிற இடத்தில்தான் வாங்குவேன். அது இல்லாமல் மேப் எழுதினால் ஐடில் தள்ளாடும், முழு லோடில் எண் சரியாக இருப்பதாகக் காட்டிவிட்டு நடுவில் எங்கோ கோட்டை விடும். ரெயிலில் ஒரு பிரஷர் சென்சார் போட்டு, 3.2 பாருக்குக் கீழே இறங்கினால் பூஸ்ட் தானாக விழும்படி செய்து வைத்திருக்கிறேன். என்னைக் கேட்டால் ரீமேப்புக்கு முன்னால் செய்ய வேண்டிய முதல் செலவு இதுதான், டவுன்பைப்பும் ஏர் ஃபில்டரும் அப்புறம்.

சட்டப் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் இருக்கும் விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. என்ன செய்திருக்கிறோம் என்பதை இன்சூரன்ஸுக்குச் சொல்லாமல் இருப்பதும் பின்னால் தொல்லை. முழு வேகத்தில் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்குக் கோயம்புத்தூரில் கரி மோட்டார் ஸ்பீட்வேயும், இருங்காட்டுக்கோட்டையில் ரேஸ் டிராக்கும் இருக்கின்றன. தொப்பூரில் ஏற்கெனவே போதும் போதும் என்கிற அளவுக்கு விபத்து. அங்கே யாரும் சோதனை ஓட்டம் நடத்தப் போக வேண்டாம். டைனோவில் (வண்டியை நின்ற இடத்திலேயே ஓடவிட்டுத் திறனை அளக்கும் கருவி) கேஜை மாட்டி ஓடவிட்டாலே இந்தப் பிரஷர் இறக்கம் தெரிந்துவிடும், அதுவே பாதுகாப்பான வழி.

ரீமேப் செய்து தருகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். டைனோ தாளில் குதிரைத்திறன் கோட்டையும் டார்க் கோட்டையும் அச்சடித்துத் தருகிறீர்கள், அதே தாளில் ரெயில் பிரஷர் கோட்டையும், பம்ப் கனெக்டரில் லோடில் பார்த்த வோல்டேஜையும் போட்டுத் தாருங்கள். அதற்கு ஒரு கேஜும் ஒரு மல்டிமீட்டரும் அரை மணி நேரமும் போதும். என் வண்டிக்கு மேப் போட்டவரிடம் இதைச் சொன்னேன், எண்களையும் அனுப்பினேன். பழைய வண்டிகளுக்கு மட்டுமாவது இனிமேல் பார்க்கிறோம் என்றிருக்கிறார், பார்க்கிறாரா என்று அடுத்து அங்கே போகிறவர்கள் கேட்டுச் சொல்லுங்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் யாராவது ரீமேப்புக்குக் கிளம்புவதாக இருந்தால், அதற்கு முன்னால் என்னிடமிருந்து கேஜ், டி ஜாயின்ட், ஓஸ் மூன்றையும் வாங்கிப் போகலாம். ஓஸ் மட்டும் புதுசாக வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள், எத்தனால் பட்டுப் பட்டு இருக்கிறது விறைத்துவிட்டது.